உதவி தேவை: எதிர்மறைக் கேள்விகளைத் திருப்பி மதிப்பிட்டதும் ஆல்ஃபா 0.38-க்கு இறங்கிவிட்டது

முதுகலை மாணவி:
வணக்கம். சென்னையில் உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைத் திருப்தி பற்றி ஆய்வு செய்கிறேன். பால் ஸ்பெக்டர் 1985-இல் வெளியிட்ட அளவுகோலை நானே தமிழாக்கினேன். மொத்தம் 36 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 112 படிவங்கள் வந்தன. எதிர்மறையாக எழுதப்பட்ட 19 கேள்விகளையும் திருப்பி மதிப்பிட்டு (1-ஐ 6 ஆக, 2-ஐ 5 ஆக, இப்படி) எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டினால் க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.38. திருப்பாமல் ஓட்டினால் 0.74! "அப்படியே விட்டுவிடு, 0.70 தாண்டினால் போதும்" என்கிறாள் தோழி. எனக்கு மனசு ஒப்பவில்லை. மாதக் கடைசிக்குள் கைடு நான்காம் அத்தியாயம் கேட்கிறார். எங்கே தவறு செய்தேன்?

தரமணிக்காரர்:
முதலில் ஒரு சின்னச் சோதனை. திருப்பும்போது 7-இலிருந்து கழித்தீர்களா, 6-இலிருந்தா? ஐந்து புள்ளி அளவுகோல் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் 6 போட்டுவிடுவார்கள். அதனால் ஆல்ஃபா மாறாது, ஆனால் மொத்த மதிப்பெண் கெட்டுவிடும். எல்லாருடைய மொத்தமும் 36-க்கும் 216-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

முதுகலை மாணவி:
7-இலிருந்துதான் சார். மொத்தமும் சரியாக இருக்கிறது.

களப்பணி அக்கா:
அப்படியானால் எஸ்பிஎஸ்எஸ் மேல் பழி போடாதேம்மா. தோழி சொன்னதை மட்டும் செய்துவிடாதே. திருப்பாதபோது ஆல்ஃபா ஏறுகிறது என்றால், "சம்பளம் நியாயமானது" என்பதற்கும் அதற்கு நேர் எதிரான வாக்கியத்துக்கும் ஒரே ஆள் ஒரே மாதிரி டிக் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த 0.74 திருப்தியை அளக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டும் பழக்கத்தை அளக்கிறது. கணினியை மூடிவிட்டுப் படிவங்களைக் கையில் எடுத்துப் பார். அவற்றை யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், மேலே பெயர் கேட்டிருந்தாயா என்பதையும் சொல்.

முதுகலை மாணவி:
பார்த்தேன் அக்கா. நிறையப் படிவங்களில் 5-ஆம் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக். ஒருவர் டிக் கூடப் போடவில்லை, பேனாவை வைத்து ஒரே கோடாக இழுத்திருக்கிறார், ஓரத்தில் கிரீஸ் விரல் ரேகை. ஷிப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசர்தான் கொடுத்து வாங்கினார். வருகைப் பதிவோடு ஒப்பிடலாம் என்று டோக்கன் நம்பர் எழுதச் சொல்லியிருந்தேன்.

களப்பணி அக்கா:
சரி, பாதி விடை அதில் இருக்கிறது. சூப்பர்வைசரைப் பற்றிய கேள்விகள் உள்ள தாளை, டோக்கன் நம்பரோடு, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றால் யார் உண்மையைச் சொல்வார்கள்? பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் வேறு.

மீதி பாதி உன் தமிழில் இருக்கலாம். "நான் செய்யும் வேலைக்கு மதிப்பு இருப்பதாகத் தோன்றவில்லை" என்று எழுதியிருப்பாய், விடை "ஒப்புக்கொள்ளவில்லை". திருப்தியாக இருப்பவர் இரண்டு இல்லைகளைத் தாண்டித்தான் ஆமாம் சொல்ல வேண்டும். "சாப்பிடலையா?" என்று கேட்டால், சாப்பிடாதவர் "ஆமா, சாப்பிடலை" என்றும் சொல்வார், "இல்லை" என்றும் சொல்வார். நம் பேச்சு அப்படி. அதனால் "இங்கே என் வேலையை அலட்சியமாக நினைக்கிறார்கள்" என்பதுபோல் இல்லை வராமல் எழுது. விடைகளையும் "முழுக்கச் சரி"யில் தொடங்கி "முழுக்கத் தப்பு" வரை வை. பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். 1970-இல் ப்ரிஸ்லின் என்ற ஆய்வாளர் எழுதிய முறை இது, இன்றும் பலர் இதைத்தான் செய்கிறோம். அதற்குப் பிறகும் நாலைந்து தொழிலாளர்களிடம் உரக்கப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேள். எனக்கு எண்களைவிட இந்த உட்கார்ந்து பேசும் வேலையில்தான் நம்பிக்கை அதிகம்.

தரமணிக்காரர்:
டோக்கன் நம்பருக்குப் பதில் அவர்களே ஒரு குறியீடு உருவாக்கட்டும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, தான் பிறந்த தேதி. இரண்டு வாரம் கழித்து இரண்டாவது படிவம் கொடுத்தாலும் இணைத்துவிடலாம். வருகைப் பதிவு ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். வயது, பிரிவு, பாலினம் மூன்றையும் சேர்த்துக் கேட்காதீர்கள். பெயின்ட் பிரிவில் ஒரே ஒரு பெண் இருந்தால், பெயர் எழுதாவிட்டாலும் அவர் யார் என்று தெரிந்துவிடும்.

முதுகலை மாணவி:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். தொழிற்சாலைக்கு வெளியே டீக்கடையில் ஐந்து பேரிடம் பேசினேன். மூன்று பேர் மதிப்புக் கேள்வியைத் தலைகீழாகப் புரிந்திருந்தார்கள். ஒரு அண்ணன், "நம்பர் போட்ட பேப்பர்ல எப்படிம்மா மனசுல இருக்கிறதை எழுதுவேன்?" என்றார். கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 112 படிவங்களையும் முன்னோட்டமாக மட்டும் எழுது, ஒரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொள் என்றார். வியாழக்கிழமை கேண்டீனில் பெட்டி வைக்கிறேன் அக்கா. அந்த நேரத்தில் சூப்பர்வைசர்கள் வர மாட்டார்கள் என்று ஹெச்.ஆர். ஒப்புக்கொண்டிருக்கிறார். பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும்.