லூசியா ஹாரிஸ் வாய்ப்பை வீணடித்தாரா?

அரைக்கோடு:
என்பிஏ என்ற அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து லீக்கில் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 1977 டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 137ஆவது இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி கல்லூரி வீராங்கனை லூசியா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தது. முறைப்படி அந்த டிராஃப்டில் எடுக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். ஆனால் பயிற்சி முகாம் பக்கமே அவர் போகவில்லை. அவருடைய ஆட்டத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தாலும் கைக்கு வந்த வாய்ப்பை வீணடித்துவிட்டார் என்றே சொல்வேன். 1979இல் ஆன் மேயர்ஸ் என்ற வீராங்கனை இண்டியானா பேசர்ஸ் என்ற என்பிஏ அணியின் முகாமுக்குத் துணிந்து போனார். அணியில் இடம் கிடைக்கவில்லைதான். ஆனால் ஒரு பெண் அந்த மைதானத்தில் இறங்கினார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

சென்டர் ஆடியவள்:
வீணடித்தார் என்ற சொல் என்னைச் சுடுகிறது. அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். மிசிசிப்பியின் மின்டர் சிட்டி. குத்தகை நிலத்தில் பருத்தி பயிரிட்ட குடும்பம். பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. அம்மா தூங்கச் சொன்ன பிறகும் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு தொலைக்காட்சியில் என்பிஏ ஆட்டம் பார்த்த சிறுமி. ஆறடி மூன்று அங்குல உயரத்துக்காக, 'நெட்டையாக இருக்கிறாள், அவ்வளவுதான்' என்று பள்ளியில் கேலி செய்தார்கள்.

அவர் சேர்ந்த டெல்டா ஸ்டேட் கல்லூரியின் கதை இன்னும் கொடுமை. இளம்பெண்களுக்கு இது கடினமான ஆட்டம் என்று சொல்லி 1930களின் தொடக்கத்தில் பெண்கள் அணியையே அங்கே கலைத்துவிட்டார்கள். அன்று அந்த அணியில் ஆடிக்கொண்டிருந்த மார்கரெட் வேட்தான் நாற்பது ஆண்டு கழித்து, 1973இல், பயிற்றுநராகத் திரும்பி வந்து அணியை மறுபடி கட்டினார். அவர் கையில் கிடைத்தவர் லூசியா. 1974-75 பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மூன்று முறை தொடர்ந்து சாம்பியனாக இருந்த இம்மாகுலாட்டாவை இறுதியாட்டத்தில் 90-81 என்று வீழ்த்தினார்கள். 1976, 1977 பட்டங்களும் டெல்டா ஸ்டேட்டுக்கே. கல்லூரிக் காலத்தில் லூசியா எடுத்த புள்ளிகள் 2,981, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) 1,662. இதில் எது வீண்?

அரைக்கோடு:
கல்லூரிச் சாதனையை நான் மறுக்கவே இல்லை, தோழி. அப்படிப்பட்டவர் போகாததால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

பழைய ரசிகர்:
ஜாஸ் அணி செய்தது விளம்பர வேலை என்று லூசியாவே கருதினார். மேலும் அப்போது அவர் கருவுற்றிருந்தார். அந்த உடலோடு முகாமுக்கு ஓடியிருக்க வேண்டும் என்கிறீர்களா?

சென்டர் ஆடியவள்:
ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, திரும்பிப் போடுவதுதான் லூசியாவின் ஆட்டம். நானும் அந்த இடத்தில், சென்டராக, ஆடியவள்; எதிராளியின் எடை முழுவதும் நம் முதுகில் இறங்கும். என்பிஏவில் ஆறடி மூன்று அங்குலம் என்பது கார்டுகளின், அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தை நகர்த்தி ஆடுபவர்களின், உயரம். அவரை அங்கே நிறுத்துவது, அவர் கற்ற ஆட்டத்தையே பிடுங்கிவிட்டு ஆடச் சொல்வது. மேயர்ஸ் ஆடியது கார்டாக. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பறிபோனது வேறு. 1977இல் அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக்கும் கிடையாது. 22 வயதில், உச்சத்தில் இருந்தவருக்குப் போக இடமில்லை. பிறகு வந்த ஒரு பெண்கள் லீக்கில், 1979-80இல் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணியில் சிறிது காலம் ஆடினார். 1981இல் அந்த லீக்கும் மூடப்பட்டது. இன்றைய பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ தொடங்கியபோது அவருக்கு 42 வயது! இருமுனை மனநோயோடு போராடியபடி தம் ஊர்ப்பக்கம் பள்ளியில் கற்பித்தார், பயிற்சி கொடுத்தார். கோபப்படுவதென்றால் லீக் கட்டாதவர்கள்மேல் கோபப்படுங்கள்.

அரைக்கோடு:
உயரக் கணக்கை நான் யோசிக்கவில்லை. 'வீணடித்தார்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று: 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழடி உயர சோவியத் வீராங்கனை செமியோனோவாவுக்கு எதிராகவே நின்றவர் அவர். சோவியத் அணி அமெரிக்காவை 112-77 என்று நொறுக்கியது, லூசியா ஒதுங்கவில்லை. அதனால்தான் அடுத்த ஆண்டும் போயிருப்பார் என்று என் மனம் எதிர்பார்க்கிறது.

பழைய ரசிகர்:
அதே மாண்ட்ரியலில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முறை ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஜப்பானோடு நடந்த ஆட்டத்தில் அதன் முதல் புள்ளிகளைப் போட்டவர் லூசியா. ஜாஸ் முகாமுக்குப் போகாததற்காக வருந்தவில்லை என்று கடைசிக் காலத்தில் அவரே சொன்னார். 2022 ஜனவரியில் மறைந்தார். நமக்கு ஏன் அந்த வருத்தம், தம்பி?

அரைக்கோடு:
இன்னும் பத்து ஆண்டு அவர் ஆடிப் பார்க்க ஆசைப்பட்டேன் ஐயா, அதனால்தான்.