நூறு வருஷத்துப் புத்தகங்களைக் கூடிப் படிக்கும்போது இடறிய இடங்கள் (வாசகர் குழு நடத்துகிறவர்கள் புனைபெயரில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை)

அரசமரத்தடி:

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’. எந்த வாசகர் குழுவும் முதல் வாரத்துக்கு இதைத்தான் வைக்கும். சின்னக் கதை, 1915-இல் விவேகபோதினி பத்திரிகையில் வந்தது, இணையத்திலும் கிடைக்கிறது. ஒரே மூச்சில் முடித்துவிட்டு, “ருக்மிணியின் அப்பா காசு இழந்தது ரொம்பத் திடீரென்று இருக்கிறதே” என்று யாராவது எழுதாமல் இருப்பதில்லை. அது திடீர்த் திருப்பம் இல்லை ஐயா. அந்த அப்பா காமேசுவரையரின் பணம் போனது ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கியின் முறிவில். 1906 அக்டோபரில் சென்னையில் அந்தக் கம்பெனி கவிழ்ந்தபோது ஓய்வூதியக்காரர், விதவை, மிராசுதார் என்று எத்தனையோ பேரின் சேமிப்பு கூடவே முழுகியது. மறுவருஷம் இந்தியன் வங்கி பிறந்ததற்கே அந்த அடிதான் காரணம். 1915-இல் படித்தவருக்குப் பெயரைச் சொன்னால் போதும், வயிறு கலங்கியிருக்கும். நமக்கு அந்த இடத்தில் ஓர் ஓரக்குறிப்பு வேண்டும், அவ்வளவே.

உறுத்துகிற இடம் வேறு. ராத்திரி, குளத்தங்கரை, ருக்மிணியும் அவள் கணவன் நாகராஜனும். வீட்டார் ஏற்பாடு செய்த இரண்டாம் கல்யாணத்தைக் கடைசி நிமிஷத்தில் மறுக்கும் எண்ணம் அவனுக்குள் இருக்கிறது. அவளிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை. கூட்டத்தில் “நாகராஜன் நல்லவனா?” என்று கேட்டால் பேச்சு ஐந்து நிமிஷத்தில் படுத்துவிடும். “எந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவள் குளத்தில் இறங்கியிருக்க மாட்டாள்?” என்று கேளுங்கள், எல்லோரும் கதையைத் திரும்பப் புரட்டுவார்கள்.

நாழிகைவட்டில்:

நேரக் கணக்கு. இதைச் சொல்லாமல் எந்தக் குழுவையும் தொடங்கவே கூடாது.

ஒரு நாழிகை 24 நிமிஷம். பகலில் சூரியோதயத்திலிருந்தும் ராத்திரியில் அஸ்தமனத்திலிருந்தும் எண்ணுவார்கள். ஆறு மணிக்கு இருட்டியது என்று வைத்துக்கொண்டால், “ராத்திரி ஐந்து நாழிகை” எட்டு மணி, “பதினைந்து நாழிகை” நடுநிசி, “இருபது நாழிகை” விடியற்காலை இரண்டு. வேடிக்கை என்னவென்றால் பத்து நாழிகை மட்டும் கடிகாரத்திலும் பத்து மணியாகவே வரும். முதலில் கண்ணில் படுவது பத்து நாழிகையாக இருந்துவிட்டால் போச்சு, நாழிகை என்றால் மணி என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். பிறகு ‘ஐந்து நாழிகைக்கு ஊரே உறங்கிவிட்டது’ போல ஒரு வரி வந்தால் அச்சுப்பிழை என்பார். ஜாமம் வந்தால் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம்.

பணமும் அப்படியே. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (அதையே பைசா என்றும் எழுதுவார்கள்), ஆக ரூபாய்க்கு 192 பை. 1957 வரை இதுதான் கணக்கு. இன்றைய மதிப்புக்கு மாற்றிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், தேறாது. அதே கதைக்குள் ஒருவரின் மாசச் சம்பளம் எங்காவது வரும், அதோடு ஒப்பிட்டால் போதும்.

தலைப்பேடு:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் இந்த வாசிப்புச் சவால்களில் புத்தகத் தேர்விலேயே கோளாறு. “இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்” என்று தலைப்புப் போட்டுவிட்டுப் பட்டியலில் முதலாவதாகக் ‘கமலாம்பாள் சரித்திரம்’! அந்த நாவல் விவேக சிந்தாமணி பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்து 1896-இல் புத்தகமானது. எழுதிய ராஜம் ஐயர் 1898-இல் தம் 26-ஆவது வயதில் போய்விட்டார், புது நூற்றாண்டைப் பார்க்கவேயில்லை. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’த்தின் முதல் பாகமும் 1898தான். அவர் வேண்டும் என்றால் 1903-இல் வந்த ‘முத்துமீனாட்சி’யை எடுங்கள். பால்ய விதவையின் கதை, அளவில் சிறியது, இரண்டு வாரத்துக்குச் சரியாக இருக்கும்.

கமலாம்பாளைச் சேர்த்தே தீருவோம் என்றால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பாதியில் சிறுகுளம் என்ற ஊரின் வம்பும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரும் தூக்கிக்கொண்டு போகும். பின்பாதி வேதாந்தத்துக்குத் திரும்பும், அங்கேதான் பாதிப்பேர் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள். பின்பாதிக்கு இரட்டிப்பு நாள் விடவேண்டும்.

பழைய பிரதியின் வருஷம் பார்ப்பதும் ஒரு கலை. தலைப்புப் பக்கத்தில் “பரிதாபி ௵” என்று மட்டும் இருந்தால், 1912 ஏப்ரல் நடுவிலிருந்து 1913 ஏப்ரல் நடு வரை எதுவாகவும் இருக்கலாம். தமிழ் வருஷப் பெயர்கள் 60 வருஷச் சுழற்சி என்பதால் 1972-73-உம் பரிதாபிதான். அச்சு எழுத்தைப் பார்த்து எது என்று தீர்மானிக்க வேண்டும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. “௸யார்” என்று பார்த்துவிட்டு யாரோ ஒருவர் பெயர் என்று நினைக்காதீர்கள், மேற்படியார்தான்.

கால்வாங்கி:

எழுத்துப் பற்றி யாரும் பேசவில்லையே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது, எழுத்தோடு சுருட்டிவிடுவார்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. கண்ணுக்கு இருபது பக்கத்தில் பழகிவிடும், மென்பொருளுக்குப் பழகாது. அதனால் ஸ்கேனிலிருந்து எடுத்த எழுத்துப் பிரதியில் சொல் தேடினால் பல சமயம் கிடைக்காது.

அத்தியாய எண்ணும் சேர்ந்து குழப்பும். ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௮ அ மாதிரி. பதினெட்டை “௧௮” என்றும் போடுவார்கள், பழைய முறையில் பத்துக்குத் தனிக்குறி வைத்து “௰௮” என்றும் போடுவார்கள். சிலர் இதை “கஅ” என்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, ஔ-வை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ‘ஔஷதம்’ என்று தேடினால் வராது. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

வாரப் பங்கைப் பக்க எண் வைத்துச் சொல்லாதீர்கள். ஐந்து பேர் கையில் ஐந்து பதிப்பு இருக்கும். அத்தியாய எண்ணோடு அந்த அத்தியாயத்தின் கடைசி நான்கு சொற்களையும் அனுப்பினால், சுருக்கப் பதிப்பு வைத்திருப்பவர் அன்றைக்கே மாட்டிக்கொள்வார்.

சந்தக்காரர்:

பாரதியின் பாஞ்சாலி சபதத்துக்கு ஐந்து சருக்கம் (பகுதி), ஐந்து வாரம் என்று கணக்குப் போடுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. அழைப்புச் சருக்கம் ஒன்றே மற்றவற்றைவிட மிக நீளம். அதற்கு மட்டும் இரண்டு வாரம் கொடுங்கள். அர்ஜுனன் பாஞ்சாலிக்கு அந்தி வானத்தைக் காட்டும் இடம் அதில்தான் வருகிறது, அவசரத்தில் அதைத் தாண்டினால் படித்ததற்கே அர்த்தமில்லை. 1912-இல் அச்சானது முதல் பாகம் மட்டும், அதாவது முதல் இரண்டு சருக்கம். மிச்சம் மூன்றும் பாரதி போன பிறகு வந்தவை. இரண்டாவதான சூதாட்டச் சருக்கத்தோடு ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். முதலில் படித்தவர்கள் எங்கே நிற்க வேண்டியிருந்தது என்று தெரியும்.

தனியாக மனசுக்குள் படித்தால் சந்தம் மாறுகிற இடம் பிடிபடாது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் பிரதியைப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பாட்டு, அதற்கு மேல் போனால் குரலும் போகும் கவனமும் போகும்.

ஓரக்குறிப்பு:

அரசமரத்தடிக்கு ஒரு வார்த்தை. ஆர்பத்நாட்டைப் பற்றி அவ்வளவு சொன்னீர்கள், தாகூரை விட்டுவிட்டீர்கள். ஐயர் கதையில் அரசமரம் கதை சொல்வதுபோல, வங்க மொழியில் தாகூர் எழுதிய கதையில் படித்துறை பேசும், குஸும் என்ற பெண்ணின் கதையைச் சொல்லும். ஐயர் அதைப் பார்த்துத்தான் எழுதினார் என்று சண்டை பிடிக்க ஒரு கூட்டம் எப்போதும் தயார். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தால் முதல் கால் மணி நேரமே தழுவலா திருட்டா என்று போய்விடும். அரசமரத்தை முதல் வாரம், படித்துறையை நாலாவது வாரம். அதற்குள் ஆர்பத்நாட் மனசில் பதிந்திருக்கும், தாகூரிடம் அது இல்லை என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அரசமரத்தடி:

நாலாவது வாரம் ரொம்பத் தள்ளி. மூன்றாவது போதும். நாலாவதில் ஆள் குறையும்.