மீட்டிங்குக்கு முந்தின நாள் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கடைசி பெஞ்ச்:
என் சொதப்பலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் சாஃப்ட்வேர் ரிலீஸைத் தள்ளிப்போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு மீட்டிங் வைத்தேன். 11 பேர், ஒன்றரை மணி நேரம். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். முடியப் போகிற நேரத்தில் ஒருவர், "இதுக்கு செக்யூரிட்டி டீம் ஓகே சொல்லணுமே, அவங்க யாரையும் காணோமே?" என்றார். காணோம்தான். நான் கூப்பிட்டிருந்தால்தானே வருவார்கள்! முந்தின வாரத்து இன்வைட்டை அப்படியே காப்பி செய்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தேன். அஜெண்டாவில் இருந்தது ஒரே வரி: "ரிலீஸ் – விவாதம்". விவாதம் கேட்டேன், விவாதம் கிடைத்தது. 11 பேரின் ஒன்றரை மணி நேரம் என்றால் பதினாறரை மணி நேரம். ஒருவருடைய இரண்டு நாள் வேலை.

அதற்கப்புறம் அஜெண்டாவைக் கேள்வியாகத்தான் எழுதுகிறேன். "14ஆம் தேதியே வெளியிடலாமா, 21க்குத் தள்ளலாமா? முடிவு சொல்ல வேண்டியவர் யார்?" இரண்டாவது கேள்விக்குப் பெயர் எழுத முடியாவிட்டால் இன்வைட் அனுப்புவதில்லை. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

ராக்கோழி:
ஒரு ஜப்பானிய கிளையண்டோடு இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அவர்கள் மீட்டிங்கில் சண்டையே வராது. ஒருவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள், 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களுடைய லீட் அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி முடித்திருக்கிறார். இதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை நெமவாஷி. மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பக்குவப்படுத்துவார்களே, அதுதான்.

நானும் செய்து பார்த்தேன். டேட்டாபேஸ் மாற்றுகிற திட்டம் ஒன்று. ஒரு சீனியர் மட்டும் ஒவ்வொரு முறையும் "டெக்னிக்கலா ரிஸ்க் இருக்கு" என்று முட்டுக்கட்டை போடுவார். என்ன ரிஸ்க் என்று கேட்டால் பதில் நீளுமே தவிர விஷயம் வராது. மீட்டிங்குக்கு முந்தின நாள் போனில் கூப்பிட்டு, "சார், உங்களுக்கு இதில் எது உறுத்துது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்: "அந்த வாரம் என் டீம்ல ரெண்டு பேர் லீவுப்பா. ராத்திரி ஏதாவது உடைஞ்சா நான் ஒருத்தன்தான் உட்காரணும்." இதைப் பத்துப் பேர் முன்னால், மேனேஜரையும் வைத்துக்கொண்டு, அவர் எப்படிச் சொல்வார்? தேதியை இரண்டு வாரம் நகர்த்தினேன். மறுநாள் அவரே முதல் ஆளாகச் சரி என்றார்.

மூணாவது மாடி:
ராக்கோழி, நீங்கள் சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. சேர்ந்த புதிதில் நான் உட்கார்ந்திருந்த மீட்டிங்குகளெல்லாம் இப்படிப் பேசி முடித்த மீட்டிங்குகள்தான். பெரியவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்து வந்திருப்பார்கள், நாங்கள் ஒப்புக்கு. ஒரு தடவை, பழைய கணக்குகளில் லாகின் ஆகவில்லை என்று டெஸ்டிங்கில் பார்த்து நோட்டில் குறித்து வைத்திருந்தேன். நோட்டு மடியிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில்தான் உடைந்தது.

இப்போது நான் நடத்தும் பெரிய மீட்டிங்குகளில், உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன 'ப்ரீ-மார்ட்டம்' முறையைச் செய்கிறேன். "ஆறு மாதம் ஓடிவிட்டது, திட்டம் படுதோல்வி. ஏன்?" இதுதான் கேள்வி. பேசக்கூடாது, முதலில் எல்லாரும் எழுத வேண்டும். என் அனுபவத்தில், வாயே திறக்காதவர்கள் எழுதியதில்தான் விஷயம் இருக்கும். ராக்கோழி மாதிரி முந்தின நாளே போன் பேசுவதாக இருந்தால் அறையிலேயே ஜூனியரான ஆளிடமும் பேசுங்கள்.

வெயில்காலம்:
முன்கூட்டியே படிக்க அனுப்புவதைப் பற்றி நான் சொல்கிறேன். ராத்திரி 9 மணிக்கு 23 ஸ்லைடு அனுப்பிவிட்டு, காலை 10 மணிக்கு "எல்லாரும் பார்த்துட்டீங்கதானே?" என்று கேட்டவன் நான். அத்தனை பேரும் மியூட்டில். பார்க்கவில்லை என்று ஒருவராவது சொன்னால் பரவாயில்லை, அதுவும் இல்லை.

அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004ல் தலைமைக் குழு மீட்டிங்குகளில் பவர்பாயிண்டை நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பை எல்லாரும் உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதைக் காப்பியடித்தேன். அவர்களைப் போல ஆறு பக்கமெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, இரண்டே பக்கம். முதல் 12 நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. ஒருவர் பாதியில் "நெட் போயிடுச்சா?" என்றுகூடக் கேட்டார். ஆனால் அன்றைக்கே ஒருவர், முதல் பக்கத்தில் டெஸ்டிங் முடியும் தேதிக்கும் இரண்டாம் பக்கத்தில் ரிலீஸ் தேதிக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். எழுதிய எனக்கே அது தெரியாது. ஸ்லைடாகக் காட்டியிருந்தால் தாண்டிப் போயிருப்போம்.

ராக்கோழி:
மூணாவது மாடி சொல்வது நியாயம். ஜூனியரிடம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்று, அஜெண்டாவின் வரிசை. பட்டன் நிறத்தை முதலில் வைத்தால் 40 நிமிடம் அதிலேயே போகும், ஏனென்றால் நிறத்தைப் பற்றி எல்லாருக்கும் கருத்து உண்டு. பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1957லேயே இதைக் கிண்டல் செய்திருக்கிறார்: ஒரு கமிட்டி கூட்டத்தில் அணு உலைக்கு இரண்டரை நிமிடம், சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம். கஷ்டமானதை முதலில் வையுங்கள். நிறத்தையெல்லாம் மெயிலில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி பெஞ்ச்:
எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு எனக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது. ராக்கோழி சொன்னபடி இன்று மூன்று பேரைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் பத்து பத்து நிமிடத்தில் சரி சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர், "அதான் நாளைக்கு மீட்டிங் இருக்கே, அங்கேயே பேசிக்கலாமே" என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தை 25 நிமிடமாகக் குறைத்து, அவருடைய கேள்வியை மட்டும் அஜெண்டாவில் முதலில் போட்டிருக்கிறேன்.