காசாப் போர் பற்றிய ஆய்வு: மதத்தின் பங்கை எப்படிப் பிரித்தெடுக்கிறது?

வந்தாறுமூலை மாணவி:
இறுதியாண்டு ஆய்வுக்காக மட்டக்களப்பு மாவட்டத்தில 200 பேரிடம் வினாக்கொத்து கொடுக்கப் போறன். காசாப் போர் பற்றிய கருத்தை மத நம்பிக்கை எவ்வளவு தீர்மானிக்குது என்பதுதான் தலைப்பு. "உங்கள் மதம் என்ன? யாரை ஆதரிக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதுமா?

கல்லடி:
போதாது தங்கச்சி. மதத்தின் பெயர் வேறு, அந்த மதத்துக்குள் ஒருவர் எதை நம்புகிறார் என்பது வேறு. கிறிஸ்தவர்களையே பாருங்க. இஸ்ரேல் அரசு வேத வாக்குத்தத்தத்தின் நிறைவேற்றம் என்ற போதனை 19ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகரிடமிருந்து கிளம்பி, 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் என்பவரின் வேதாகம விளக்கக் குறிப்புகள் வழியாக அமெரிக்காவில் பரவினது. இங்கே பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் ஆதியாகமம் 12:3ஐ ("உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று ஆபிரகாமுக்குச் சொன்ன வசனம்) எடுத்து இதைப் பிரசங்கிக்கிறார்கள். கத்தோலிக்கருக்கு இப்படியொரு கோட்பாடே இல்லை; பாலஸ்தீன அரசை அங்கீகரித்து வத்திக்கான் 2015இல் உடன்படிக்கையும் செய்தது. இவர்கள் எல்லாரையும் "கிறிஸ்தவர்" என்று ஒரே கட்டத்தில் போட்டால் எதிரெதிர் கருத்துகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

நம்பிக்கையை நேரடியாகவே கேளுங்க: "இன்றைய இஸ்ரேல் நாட்டைக் கடவுள் யூதருக்குக் கொடுத்தார் என்று நம்புகிறீர்களா?" 2013இல் பியூ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்காவில் இப்படித்தான் கேட்டது. வெள்ளையின இவாஞ்சலிக்கர்களில் (சுவிசேஷப் புரட்டஸ்தாந்தர்) 82 வீதம் ஆம் என்றார்கள். யூதர்களில் 40 வீதம்தான்.

காத்தான்குடி வாசகர்:
முஸ்லிம் பகுதியில சிக்கல் வேறு மாதிரி. ஜெருசலேத்தில் இருக்கிற அல் அக்ஸா பள்ளிவாசல் முதல் கிப்லா (தொழும்போது நோக்கும் திசை), நபிகளாரின் மிஃராஜ் என்ற விண்ணேற்றப் பயணத்தின் தலம். போர் நேரத்தில் தொழுகையில் குனூத் நாஸிலா என்ற ஆபத்துக் கால துஆ ஓதப்படுகிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ குத்பாப் பிரசங்கத்திலும் காசாவுக்காக துஆ கேட்கப்படுகிறது. "யாரை ஆதரிக்கிறீர்கள்" என்றால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதிலைத்தான் தருவார்கள். பதிலில் வேறுபாடு இல்லாத கேள்வியை வைத்து எதையும் அளக்க ஏலாது. இரு நாட்டுத் தீர்வு, ஹமாஸ், பொருள் புறக்கணிப்பு என்று தனித்தனியாகக் கேளுங்க, அங்கேதான் கருத்து பிரியும்.

பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதச் சொல்லவே வேணாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நடந்த கைதுகளால் மக்களிடம் பயம் இருக்கு. "தெரியாது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்க. பெண்களிடம் அதே ஊர்ப் பெண் போய்க் கேட்கணும். வெளியாள் போனால் மரியாதைக்கான பதில்தான் கிடைக்கும்.

அக்கரைப்பற்று:
மதம் போலத் தெரிகிற பல காரணங்கள் மதமே இல்லை. இஸ்ரேல் என்றதும் தமிழருக்கு நினைவு வருவது 80களில் இலங்கைப் பொலிஸின் விசேட அதிரடிப் படைக்கு அங்கிருந்து கிடைத்த பயிற்சியும், 1996இல் வந்த கிபிர் போர் விமானமும். ஓர் இந்து பாலஸ்தீனத்தின் பக்கம் நின்றால் அதற்குச் சைவம் காரணம் என்று எழுதிவிடாதீங்க. மறுபக்கம், 1990 காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை, 2019 மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு இரண்டும் விட்ட காயம் இன்னும் ஆறவில்லை. "அவங்க அந்தப் பக்கம் என்றால் நாங்க இந்தப் பக்கம்" என்ற மனநிலை தமிழ், முஸ்லிம் இரு சமூகத்திலும் இருக்கு. அது அயலவர் மீதான கோபம். அதை விசுவாசம் என்று பதிவு செய்தால் ஆய்வே பொய்யாகும்.

ஆகவே மூன்று கேள்வி சேருங்க: வீட்டில் யாராவது இஸ்ரேலிலோ வளைகுடாவிலோ வேலை செய்கிறார்களா, போர்ச் செய்தி எங்கிருந்து வருகிறது, கடந்த மாதம் வழிபாட்டுத் தலத்தில் அது பேசப்பட்டதா. கடைசிக் கேள்விதான் உங்கள் தலைப்பின் உயிர். அம்பாறைப் பக்கமும் வந்தால் இஸ்ரேலியர் வந்து போகிற அறுகம்பைச் சுற்றுலாவையும் சேர்க்கணும்.

வந்தாறுமூலை மாணவி:
நன்றி. மதத்தை முதல்ல கேக்கவா, கடைசியிலயா? 200 பேர் காணுமா?

கல்லடி:
கடைசியில. முதலில் கேட்டால் "என் சமயத்தவன் என்ன சொல்லணும்" என்று யோசித்துத்தான் மற்றதுக்கெல்லாம் பதில் எழுதுவார்கள். "இனப்படுகொலை", "பயங்கரவாதம்" இரண்டையும் கேள்வியில் தவிருங்க.

200 பேரைக் குருட்டாம்போக்கில எடுத்தால் கிறிஸ்தவர் 20 பேரளவில்தான் வருவார்கள், அதிலும் பெந்தெகொஸ்தே விரல்விட்டு எண்ணலாம். இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர், மற்றக் கிறிஸ்தவர் என்று 50 பேர் வீதம் எடுங்க. அப்போதும் ஒவ்வொரு குழுவிலும் பிழை எல்லை (உண்மை விகிதம் விலகி இருக்கக்கூடிய அளவு) கூட்டியும் குறைத்தும் 14 வீதம். 10 வீத வித்தியாசத்தைப் பார்த்து முடிவு எழுதவேண்டாம். நாலு குழுவையும் சேர்த்து மாவட்டத்தின் சராசரி என்று போடுவதானால், ஒவ்வொரு குழுவின் பதிலுக்கும் சனத்தொகை விகிதப்படி நிறை (கணக்கில் அதற்குள்ள பங்கு) கொடுத்த பிறகுதான் போடணும்.