டிரெய்லர் இழுக்க டீசலா, பெட்ரோலா? மலை ஏறியவர்கள் சொல்லுங்கள்

அரோராவாசி:

வணக்கம். நாங்கள் டென்வர் பக்கம் அரோராவில் இருக்கிறோம். போன வருஷம் 26 அடி டிராவல் டிரெய்லர் வாங்கினோம். சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 6,800 பவுண்டு. இழுப்பது 5.3 லிட்டர் பெட்ரோல் வி8 போட்ட ஹாஃப்-டன் (பெரிய பிக்கப்களில் லேசான ரகம்) பிக்கப். டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, கிடையாது.

ஜூனில் மோவாப் போனோம். ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கம் தாண்டி சில்வர்தார்னுக்கு இறங்கும்போது பிரேக் கருகுகிற வாடை கேபினுக்குள்ளேயே வந்துவிட்டது. பின்சீட்டில் பெரியவள் "அப்பா, என்னமோ தீயுது" என்றாள். பிரேக் பிடிக்காத லாரிகளுக்காக ஓரத்தில் போட்டிருக்கும் சரளைக்கல் மேட்டைக் கடந்தபோது என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. அன்று ராத்திரி தூங்கவே இல்லை. திரும்பும்போது அதே 7 சதவீத ஏற்றத்தில் ஆர்பிஎம் 5,000, வேகம் 38 மைல். ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம்.

அதற்கு அடுத்த கனமான ரகமான முக்கால் டன் வண்டிக்கு மாறலாம் என்று இருக்கிறேன். டீசல் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 10,000 டாலர் கூடக் கேட்கிறார்கள். ஆஃபீஸ் 6 மைல்தான். வருஷத்துக்கு டிரெய்லரோடு 3,000 மைல், சும்மா 5,000 மைல் ஓட்டுவேன். எது சரி?

கால்கரி அண்ணாச்சி:

தம்பி, நான் 11 வருஷமாக டீசல்தான் ஓட்டுகிறேன். ராக்கீஸ் மலையில் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகையை அடக்கி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டுவிட்டால் கால் பெடலுக்கே போகாது. டீசலில் எனக்கு மிகப் பிடித்தது இழுவை இல்லை, அந்த இறக்கம்தான்.

ஏற்றத்தில் நீங்கள் பட்ட பாட்டுக்குக் காரணம் உயரத்தில் காற்று மெலிந்துபோவது. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். சுரங்கம் 11,000 அடிக்கு மேல், மூன்றில் ஒரு பங்கு போயிற்று. டர்போ அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். எஃப்-150இல் வருகிற 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் மாதிரி டர்போ பெட்ரோலும் மலையில் நன்றாகவே ஏறும்.

ஆனாலும் உங்களுக்கு நான் டீசல் சொல்ல மாட்டேன். 6 மைல் ஆஃபீஸ்தான் காரணம். எஞ்சின் சூடேறுவதற்குள் பார்க்கிங் வந்துவிடும். டீசல் புகையில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் சேர்கிற கரி எரிய வேண்டுமென்றால் வண்டி ஹைவேயில் நன்றாக ஓட வேண்டும். என் தம்பி ஊருக்குள்ளேயே ஓட்டி, அதை அடைத்துக்கொண்டு, ஷாப்பில் பல ஆயிரம் டாலர் கட்டிவிட்டு வந்தான். அப்புறம் புகையைச் சுத்தப்படுத்தும் டிஇஎஃப் திரவம் ஊற்ற வேண்டும், கடுங்குளிரில் டீசல் உறையாமலிருக்க ஆன்டி-ஜெல் ஊற்ற வேண்டும்.

கணக்கும் பாருங்கள். டிரெய்லரோடு கேலனுக்குப் பெட்ரோல் 9 மைல், டீசல் 12. சும்மா ஓட்டும்போது 14, 18 மைலேஜ் என்று வையுங்கள். நீங்கள் சொன்ன மைலுக்கு வருஷத்தில் மிச்சம் 160 கேலன் சொச்சம். டீசல் விலையும் உங்கள் பக்கம் பெரும்பாலும் கூடத்தான். அந்த 10,000 எப்போது திரும்பும்?

அது இருக்கட்டும். டோ/ஹால் மோடு (சுமை இழுக்கும்போது கியரை மாற்றும் முறை) போட்டிருந்தீர்களா? டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரில் கெயின், அதாவது பிடிக்கிற பலம், எவ்வளவு?

நாலு சக்கரம்:

டிரைவர் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கும். டிரெய்லரின் முன்நுனியான நாக்கு, வண்டியின் பின்னால் மாட்டுகிற ஹிட்ச் மேல் அழுத்துகிற எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று வையுங்கள். இழுவை எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு இதில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். டீசல் எஞ்சின் சில நூறு பவுண்டு அதிகம் கனக்கும், அதுவும் இந்தக் கணக்கில்தான் கழியும். லோடு ஏற்றி ஒரு கேட் ஸ்கேலில் (CAT, லாரிகளை எடை போடும் மேடை) நிறுத்திப் பாருங்கள்.

அரோராவாசி:

அண்ணா, டோ/ஹால் போட்டிருந்தேன். கெயினைத்தான் கவனிக்கவில்லை. டீலர் 4இல் வைத்துக் கொடுத்தார், அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஸ்கேலுக்குப் போனோம். நாங்கள் நாலு பேர், சைக்கிள், ஐஸ்பெட்டி, விறகு, ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றித்தான். முன் ஆக்ஸில் 3,300, பின் ஆக்ஸில் 4,060. மொத்தம் 7,360. வண்டி தாங்கக்கூடியது 7,100தான். அந்தச் சீட்டை மனைவியிடம் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

கால்கரி அண்ணாச்சி:

4 என்றால் டிரெய்லர் பிரேக் பாதிகூட வேலை செய்திருக்காது. மொத்த எடையையும் பிக்கப் பிரேக் சுமந்திருக்கிறது, கருகாமல் என்ன செய்யும்? காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் போங்கள். கன்ட்ரோலர் நெம்புகோலை மட்டும் அழுத்துங்கள், கால் பிரேக்கைத் தொடாதீர்கள். டிரெய்லர் சக்கரம் லாக் ஆகிற இடம் வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் குறைத்து வையுங்கள். எடை மாறினால் மறுபடி பாருங்கள். புது வண்டி வாங்கும்வரை விறகையும் ஜெனரேட்டரையும் வீட்டில் விட்டுவிடுங்கள், தம்பி. குழந்தைகள் இருக்கிறார்கள்.

அரோராவாசி:

செய்து பார்த்தேன் அண்ணா. 7.5இல் நின்றது. 4க்கும் இதற்கும் வித்தியாசம் பெடலிலேயே தெரிகிறது, டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறது.

முக்கால் டன் எஃப்-250 பெட்ரோல், 7.3 லிட்டர், 4.30 ஆக்ஸில் (இழுவைக்கு ஏற்ற பல்சக்கர விகிதம்) பார்த்திருக்கிறேன். அதிலும் டர்போ இல்லை, ஆனால் 430 குதிரைசக்தியில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் அதே உயரத்தில் இப்போதைய வண்டியில் மிஞ்சுவதைவிட அதிகம். கையெழுத்துப் போடும் முன் அந்த மஞ்சள் ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்து இங்கே போடுகிறேன்.