வாள்வீச்சும் பொறியியல் உளவியலும்: சம்பந்தம் உண்டா?

அருண்_சேபர் கேட்டது:
எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏழு வருடமாக வாள்வீச்சில் சேபர் (ஒரு வகை வாள்) ஆடுகிறேன். அடுத்து பொறியியல் உளவியலுக்கு, அதாவது மனித மனதுக்கும் கைக்கும் ஏற்றபடி கருவிகளை வடிவமைக்கும் துறைக்கு, போக ஆசை. "வாளை ஓரமாக வைத்துவிட்டுப் படிப்பைப் பார்" என்கிறார் அப்பா. இரண்டிலும் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கலா பதில்:
விட்டுவிடாதே தம்பி. கல்லூரியில் நான் ஃபாயில் (முனையால் குத்தும் மெல்லிய வாள்) ஆடினேன். இப்போது 19 வருடமாக மின்நிலையக் கட்டுப்பாட்டு அறைகளுக்குப் பலகை வடிவமைக்கிறேன். இந்த வேலையை எனக்குப் புரியவைத்ததே வாள்தான்.

ஒரு போட்டியில் 14-14. எதிரே ஆடியவள் எப்போதும் ஒரே அசைவில் ஆரம்பிப்பாள், சில சமயம் தோளில் முடிப்பாள், சில சமயம் விலாவில். கடைசிப் புள்ளியில் எங்கே வரும் என்று நான் தீர்மானிப்பதற்குள் முனை விலாவில் பட்டுவிட்டது. "உன் கை மெதுவு" என்றார் கோச். பல வருடம் அதை நம்பி வருந்தினேன். அப்புறம்தான் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1952இல் வெளியிட்ட சோதனையைப் படித்தேன். பத்து விளக்குகள், எது எரிகிறதோ அதற்குரிய சாவியை அழுத்த வேண்டும். வாய்ப்புகள் இரட்டிப்பாகும்போதெல்லாம் பதில் சொல்லும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. தோளா விலாவா என்று தேர்ந்தெடுக்க வைத்தே அவள் என்னை ஜெயித்திருக்கிறாள்!

அமெரிக்க உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸைக் கட்டாயம் படி. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு, ஃபிளாப்பை (இறக்கையின் பின்புற மடல்) மடக்கப் போய்ச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானத்தின் வயிறு ஓடுபாதையில் உரசும். சப்பானிஸ் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். சக்கர நெம்புகோலின் முனையில் சின்ன ரப்பர் சக்கரம், ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவம் என்று மாற்றினார். தொட்டாலே கைக்குத் தெரிந்துவிடும். இன்றைய விமானங்களிலும் அந்தச் சக்கர வடிவம் இருக்கிறது. விபத்து அறிக்கையில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

நடுவர்_மணி பதில்:
கலா அக்கா சொன்னதோடு இதையும் பார். வாள் பட்டதை விளக்கால் காட்டும் சேபர் பெட்டியில் முதல் விளக்கு எரிந்த பிறகு எதிராளி தொடுவதற்கான அவகாசம் 120 மில்லிசெகண்டாக இருந்தது. 2016இல் 170 ஆக்கினார்கள். அதற்கு முன், சரியாகத் தடுத்துத் திருப்பி அடித்தாலும் சில சமயம் நம் விளக்கு எரியாது. இந்த 50 மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் ஆடும் விதமே மாறியது.

அருண்_சேபர்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஆய்வேட்டுக்கு இதையே எடுக்கலாமா?

கலா:
தாராளமாக. கோச் முதலில் ஒரே இடத்தில் அடிக்கட்டும், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. ஒவ்வொன்றிலும் நீ தடுக்க எடுக்கும் நேரத்தை அள. எண்கள் வந்ததும் இங்கே போடு.