தோல் ஷாப் வாயுவும் ஆய்வக எலிகளும்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

எனக்குச் சொந்த ஊர், தோல் ஷாப்கள் (தோல் பதனிடும் ஆலைகள்) நிறைந்த மேல்விஷாரம். வேலை பார்த்தது, ஆவிகளையும் வாயுக்களையும் எலிகளிடம் சோதிக்கும் ஆய்வகத்தில். குழாய்க்கு ஒரு எலி, மூக்கு மட்டும் வாயு வரும் பக்கம் நீட்டியிருக்கும். 4 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது சிலவற்றுக்குக் கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாகக் காய்ந்திருக்கும். புதிதாக வருபவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் நிறமி அது. எலி அவதிப்படுகிறது என்று அர்த்தம்.

ஹைட்ரஜன் சல்பைடு என்ற, அழுகின முட்டை நாற்றமடிக்கும் விஷ வாயுவைப் பற்றிப் படித்தபோது நம்ம ஊர்தான் மனதில் ஓடியது. தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவோடு அமிலத் தண்ணீர் கலந்தால் இந்த வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானதால் கழிவுக் குழிக்குள்ளேயே தங்கும்.

4 மணி நேரத்தில் பாதி எலிகள் சாகும் அளவு சுமார் 444 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 444 பங்கு வாயு). ஆனால் என்னை அதிகம் உறுத்தியது 2000-இல் வெளியான வேறொரு ஆய்வு. தினம் 6 மணி நேரமாக 10 வாரம், 10, 30, 80 பிபிஎம் அளவுகளில் எலிகளுக்குக் கொடுத்தார்கள். சாகடிக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் 30-லும் 80-லும் வாசனை அறியும் நரம்புச் செல்கள் மூக்கினுள் அழிந்திருந்தன. 10-இல் அந்தச் சேதம் இல்லை.

உங்கள் வீட்டில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கு வாசனை சரியாகத் தெரிகிறதா? விசாரித்து எழுதுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து:
அண்ணே, கழிவுக் குழி அடைப்பெடுக்கப் போனோம். மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சரி, காற்றில் போய்விட்டது என்று கூட இருந்தவன் காலை உள்ளே வைத்தான். மேஸ்திரி ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவன் விழுந்திருந்தால் தூக்க நான் குதித்திருப்பேன். இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள்.

பேரணாம்பட்டிலிருந்து:
எங்க அப்பா சுண்ணாம்புப் பிரிவில் காலமெல்லாம் உழைத்தவர். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கேஸ் கசிந்தால் என்ன செய்வார் என்று பயமாக இருக்கிறது. எலிக்கு வந்தது மனுஷனுக்கும் வருமா அண்ணா?

மேல்விஷாரத்திலிருந்து பதில்:
தங்கச்சி, எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும், நாம் வாயாலும் விடுவோம். மூக்கின் அமைப்பும் வேறு. அதனால் எலியின் கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாது. அப்பாவுக்கு வயதும் காரணமாக இருக்கலாம், சைனஸும் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், என்ன வேலை செய்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் கேஸ் கசிந்தால் அலாரம் அடிக்கும் கருவி ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

வாணியம்பாடித் தம்பி, நம் 1948 தொழிற்சாலைச் சட்டம் 8 மணி நேர வேலைக்கு வைத்திருந்த வரம்பு 10 பிபிஎம். மூடியைத் திறப்பதற்கு முன்பே வாயு அளக்கும் மீட்டர் கேளுங்கள். திறந்ததும் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். குழியின் வாய்ப்பக்கம் மட்டும் பிடித்தால் அடியில் கிடக்கும் வாயு அதில் காட்டாது.